அண்ணாவின் வருத்தமும் என் மனசும்: பெண்பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலை செய்கிறேன். மனநலக் கிளினிக் நாளில் அண்ணாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு வருகிற பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர். முதலில் குளிசையைப் பற்றிக் கேட்பார்கள். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் போனதும் குரலைத் தாழ்த்தித் தங்களைப் பற்றிக் கேட்பார்கள்: எனக்கு ஒரு பெண்பிள்ளையில் விருப்பம் வந்திருக்கிறது, இது என்ன மிஸ் என்று. இரண்டு கேள்வியும் ஒரே வீட்டுக்குள்ளிருந்து வருவதால் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். அதைப் பிரித்துக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

யாரையும் அடையாளம் தெரியாதபடி பலர் கேட்டதை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அண்ணா என்று வரும் இடத்தில் அக்கா, தம்பி, தங்கச்சி என்று மாற்றி வாசிக்கலாம்.

அண்ணா தனிய இருந்து சிரிக்கிறார். ஆரோ தன்னைப் பத்திக் கதைக்கிறாங்க எண்டு சொல்றார். இது என்ன வருத்தம் மிஸ்?

வெளியில் இல்லாத குரல் காதில் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, நித்திரை இல்லாமல் போவது, குளிக்காமல் ஒதுங்கிக் கிடப்பது இதெல்லாம் சேர்ந்து வந்தால் அதை உளப்பிறழ்வு என்போம். அது மனச்சிதைவு நோயின் (ஸ்கிசோஃப்ரினியா) தொடக்கமாக இருக்கலாம். மனநிலை மிக ஏறியும் மிக இறங்கியும் வரும் இருமுனை நோயாக இருக்கலாம். கஞ்சா, ஐஸ் போன்ற போதைப்பொருளால் வந்ததாகவும் இருக்கலாம். எது என்று வைத்தியர் பார்த்து, சில வாரங்கள் கவனித்துத்தான் சொல்வார்.

பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் இது தலைகாட்டும். ஏ.எல் (உயர்தரம்) படிக்கும் அண்ணாக்கள் பலருக்குத் தொடக்கம் “படிக்கிற எண்ணமில்லை, சோம்பல்” என்றுதான் வீட்டுக்குத் தெரியும். மனச்சிதைவு நோய் உலகத்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளில் இதே கதை நடந்துகொண்டிருக்கும். அவர்களும் வெளியில் சொல்லாமல் இருப்பார்கள்.

அம்மம்மா செய்வினை எண்டு சொல்றா. கோயிலுக்குக் கொண்டுபோறதா, ஆஸ்பத்திரிக்கா?

மாந்திரீகத்துக்குப் பேர்போன ஊர் எங்களுடையது. நூல் கட்டுவதும், கழிப்புக் கழிப்பதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும் தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பாராமல் நடக்கிறது. அம்மம்மாவோடு இதில் சண்டை பிடிக்காதீர்கள். மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைப்பதால் அண்ணாவுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அம்மம்மாவின் மனசுக்கு அது ஆறுதல்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கோயில் முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடக்கூடாது. மருந்து தொடங்கப் பிந்தப் பிந்த, குணமாக எடுக்கும் காலமும் நீளும். அடித்தல், கட்டிவைத்தல், பட்டினி போடுதல், மிளகாய்ப் புகை காட்டுதல் இவற்றில் எது நடந்தாலும் அது வைத்தியமும் இல்லை, வழிபாடும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்க கொண்டுபோறது? கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்களா?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அம்பாறைக் கரையோரத்தில் இருப்பவர்கள் கல்முனைக்குப் போகலாம். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினால் அவர்களே சரியான இடத்துக்குத் துண்டு எழுதித் தருவார்கள். எல்லாம் இலவசம். பெரும்பாலானவர்கள் வீட்டில் இருந்தபடி கிளினிக்குக்கு வந்துபோகிறவர்கள்தான். ஆஸ்பத்திரி வாட்டில் நிற்க வேண்டி வந்தாலும், இங்கேயே சில வாரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். “அங்கொடை” என்று சொல்லிப் பிள்ளைகளை வெருட்டும் பழக்கத்தைப் பெரியவர்கள் விட வேண்டும். அந்தப் பயத்தினாலேயே வராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்கு அலைச்சல் கூட. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு வழி கொஞ்சம் லேசாகியிருக்கிறது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926 க்கு எடுத்துத் தமிழில் கேளுங்கள்.

குளிசை குடிச்சா நாள் முழுக்க நித்திரை, கை நடுங்குது. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிப் பாக்கலாமா?

வேண்டாம். குரல் கேட்பது நின்று, “இப்ப சுகம்தானே” என்று குளிசையை விட்டவர்கள்தான் திரும்பத் திரும்ப வாட்டுக்கு வருகிறவர்கள். விட்ட மறுநாளே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில வாரம், சில மாதம் கழித்துத்தான் வருத்தம் திரும்பும். அதனால் விட்டதுதான் காரணம் என்று வீட்டுக்குப் புரியாமல் போய்விடும்.

அதற்காக நடுக்கத்தையும் தூக்கத்தையும் பொறுத்துக்கொண்டே இருக்கவும் தேவையில்லை. கழுத்தோ தாடையோ இறுகுவது, வாயில் உமிழ்நீர் வடிவது, கால் ஓரிடத்தில் நிற்காமல் அலைவது, உடம்பு வைப்பது எல்லாவற்றையும் கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், நடுக்கத்துக்குத் தனிக் குளிசை கொடுக்கலாம். தினமும் குளிசை குடிக்க மறுக்கிறவர்களுக்குச் சில வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. தேத்தண்ணிக்குள் கரைத்துக் கொடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஏற்கெனவே எல்லோரும் தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று நம்புகிற மனிதர் அதைக் கண்டுபிடித்தால், உங்கள் கையால் பிறகு தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

ஒரு பிள்ளை கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். இரவுக் குளிசை குடித்தாரா, எத்தனை மணிக்குப் படுத்தார், சாப்பிட்டாரா, தனியக் கதைத்தாரா. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக “இண்டைக்குச் சிரிச்சார், என்னோட” என்று. வைத்தியர் அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு மருந்தின் அளவை மாற்றினார். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் கிளினிக்கில் இப்படி ஒரு பக்கம் பெரிய உதவி.

எனக்கு ரியூசன்ல ஒரு பிள்ளையைப் பாத்தா நெஞ்சு படபடக்குது. பொடியன்களைப் பாத்தா அப்பிடி ஒண்டும் இல்ல. எனக்கும் மூளையில ஏதும் பிழையா?

பிழை எதுவும் இல்லை. பெண்ணுக்குப் பெண்ணில் ஈர்ப்பு வருவது மனநோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உளவியலும் மனநல மருத்துவமும் படித்தவர்கள் இன்று இதை மனித இயல்பின் ஒரு வகை என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருப்பதால் உங்களுக்கு இந்தப் பயம் இரட்டிப்பாக வருகிறது. மனசில் வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் “இதுவும் அண்ணாவுக்கு வந்தது போலத்தானோ” என்று தோன்றும். அண்ணாவுக்கு இல்லாத குரல் கேட்கிறது, நித்திரை போகிறது, தன்னைப் பார்த்துக்கொள்ளும் திறன் குறைகிறது. உங்களுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். படிக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், அண்ணாவின் குளிசையை நினைவு வைத்துக் கொடுக்கிறீர்கள்.

அப்ப நான் லெஸ்பியனா? இப்பவே முடிவெடுக்கணுமா?

இப்பவே முடிவெடுக்கத் தேவையில்லை. பதினாறு வயதில் இதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சிலருக்குச் சின்ன வயதிலேயே தெளிவாகத் தெரியும். சிலருக்கு ஆண், பெண் இருவரிலும் ஈர்ப்பு வரும். சிலருக்கு ஒரு தோழியில் வந்த ஆழமான அன்பு பிறகு நட்பாகவே நின்றுவிடும். சிலருக்கு யாரிலும் ஈர்ப்பு வராது. எதுவும் மற்றதைவிடக் குறைந்ததில்லை.

“இது வயசுக் கோளாறு, தானா மாறிடும்” என்று சொல்லி உங்கள் வாயை மூட வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். மாறினாலும் மாறாவிட்டாலும் இப்போது நீங்கள் உணர்வது உண்மை. அதைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள், ஆனால் வீட்டில் யார் கையிலும் படாத கொப்பியாக இருக்கட்டும்.

நான் இப்பிடி நினைச்ச பாவத்துக்குத்தான் அண்ணாக்கு வருத்தம் வந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகள் அழுவார்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இல்லை, பிள்ளை. மனச்சிதைவு நோய் பரம்பரை அணுக்கள், பிறப்பதற்கு முன்னும் பிறக்கும்போதும் மூளைக்கு ஏற்படும் பாதிப்புகள், கடுமையான மன அழுத்தம், கஞ்சா போன்றவை கூடி வருவது. தங்கச்சியின் மனசில் என்ன ஓடியது என்பது அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. காலத்தையும் பாருங்கள்: பலருக்குப் பதின்ம வயதில்தான் ஈர்ப்பு தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. உங்களைவிடச் சில வயது மூத்த அண்ணாவுக்கு இந்த வருத்தம் வருகிற வயதும் அதே நேரத்தில்தான் வரும். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததால் ஒன்றுக்கொன்று காரணம் என்று மனசு முடிச்சுப் போடுகிறது.

இதைத் தலைகீழாகக் கேட்பவர்களும் உண்டு: “அண்ணா கத்துறதைப் பாத்து ஆம்பிளைகளில பயம் வந்ததாலதான் நான் இப்பிடி ஆனேனா?” அதுவும் இல்லை. பயம் ஒருவரை ஒதுங்க வைக்கும், இன்னொருவரில் ஈர்ப்பை உண்டாக்காது. கத்துகிற அண்ணா இருக்கும் வீடுகளில் பிறந்த எத்தனையோ பெண்கள் ஆண்களைக் காதலித்திருக்கிறார்கள். அமைதியான வீட்டில் பிறந்த பெண்கள் பெண்களைக் காதலித்தும் இருக்கிறார்கள்.

எனக்கும் அண்ணா மாதிரி வருமா?

கூடப் பிறந்தவருக்கு மனச்சிதைவு நோய் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. மற்றவர்களைவிட அது அதிகம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு வராது. கஞ்சாவைத் தொடாமல் இருப்பதும், நித்திரையைக் காப்பதும் உங்கள் கையில் இருப்பவை. குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம், பல நாள் நித்திரையில்லாமை என்று ஏதாவது தொடங்கினால் உடனே சொல்லுங்கள். ஐந்தாவது கேள்வியில் பேசிய ஈர்ப்பு இந்த அறிகுறிப் பட்டியலில் சேராது.

அம்மா கட்டார்ல. வீட்டில சமையல், தம்பி, அண்ணாட குளிசை எல்லாம் நான்தான். ஓ.எல் சோதனை வருது, படிக்க ஏலாமக் கிடக்கு.

எங்கள் மாவட்டத்தில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. அம்மாமார் குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் இருக்க, மூத்த பெண்பிள்ளை வீட்டுக்கு அம்மாவாகிவிடுகிறாள். யாரும் “நீ இனி அம்மா” என்று சொல்வதில்லை. ஒருநாள் பானையில் அரிசி போட்டது நீங்கள், அதற்குப் பிறகு அது உங்கள் வேலையாகிவிட்டது.

தங்கச்சி செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் இருக்கிறது. அண்ணாவோடு இருந்து கதைப்பது, குளிசையை நினைவூட்டுவது, சாப்பாடு வைப்பது, அவரோடு ஒரு நடை போய்வருவது எல்லாம் நீங்கள் செய்யலாம். இரவு முழுக்க விழித்துக் காவல் இருப்பது, அவர் கோபப்படும்போது பிடித்து நிறுத்துவது, மருந்தின் அளவை முடிவு செய்வது, தனியாக வாட்டுக்குக் கூட்டிப்போவது பெரியவர்களின் வேலை. அம்மாவிடம் போனில் “எல்லாம் சரி” என்று சொல்வதை நிறுத்துங்கள். அம்மா அங்கே கவலைப்படுவா என்றுதான் மறைக்கிறீர்கள். அதனால் அவ ஊரில் ஒரு ஆளைப் பிடித்து ஒழுங்கு செய்யவும் வழி இல்லாமல் போகிறது. மாமாவிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் அம்மாவின் சகோதரனுக்கு வீட்டில் ஒரு பொறுப்பு உண்டு, அதை அவருக்கு ஞாபகப்படுத்துவதில் பிழையில்லை. கிளினிக் நாளுக்கு மாமா, பகலில் மூன்று மணிநேரம் பெரியம்மா, ரியூசன் நாளில் பக்கத்து வீட்டு மாமி என்று பெயரோடு பிரித்துக் கேட்டால் பொதுவாக மறுக்க மாட்டார்கள். “உதவி செய்யுங்க” என்று பொதுவாகக் கேட்டால்தான் ஒருவரும் வர மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரிடம் போகலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார். வீட்டில் நடப்பதைத் தாங்க முடியாமல் போனால், நீங்கள் பதினெட்டுக்குக் கீழே என்றால், சிறுவர் உதவித் தொலைபேசி 1929 உங்களுக்காகத்தான் இருக்கிறது. அண்ணாவுக்கு மட்டும்தான் உதவி என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

அண்ணா செத்துப்போகப் போறன் எண்டு சொல்றார். கேட்டா இன்னும் கூடுமா?

இல்லை, கேட்டால் கூடிவிடாது. “சாகணும் போல இருக்கா அண்ணா? எப்பிடி எண்டு யோசிச்சிருக்கியா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற நிம்மதி வரும். பிறகு அவரைத் தனியே விடாமல், உடனே ஒரு பெரியவரைக் கூப்பிடுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தலையும் வீட்டிலுள்ள குளிசைகள் அனைத்தையும் பூட்டி, சாவியைப் பெரியவர் வைத்திருக்கட்டும். இது பெரிய பாதுகாப்பு: 1995 அளவில் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை எண்ணிக்கை, கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யச் செய்யத்தான் பெருமளவு குறைந்தது.

எதையாவது குடித்துவிட்டார் என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். பொலிஸ் கேஸ் ஆகுமோ என்று தாமதிக்க வேண்டாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்த நாட்டில் குற்றமில்லை. “யாருக்கும் சொல்லாதே” என்று அண்ணா சத்தியம் வாங்கியிருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் சத்தியத்தை மீறுங்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் இதே பதில்தான்: ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள், அல்லது 1926.

அவர் அடிக்க வந்தா?

வாதாடாதீர்கள், தடுக்காதீர்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டில் நில்லுங்கள். இந்த நோயுள்ள பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பவர்கள் இல்லை. அடித்தால் மருந்து போதாமல் இருக்கலாம், அன்றைக்கே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும். அதை மறைப்பது அண்ணாவைக் காப்பாற்றுவது ஆகாது.

என்னைப் பத்தி அம்மாட்டச் சொல்லவா?

சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லாததால் நீங்கள் பொய்க்காரி ஆகிவிட மாட்டீர்கள். இந்த வயதில் உங்கள் சாப்பாடும் படிப்பும் படுக்கையும் வீட்டின் கையில் இருக்கின்றன. சொன்னால் அடிப்பார்களா, பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்களா, போனைப் பறிப்பார்களா, அவசரமாகக் கல்யாணம் பேசுவார்களா என்று முதலில் யோசியுங்கள். இதில் ஒன்றுக்காவது “ஓம்” என்றால், இப்போதைக்குப் பொறுத்திருப்பதே நல்லது.

சொல்லலாம் என்று தோன்றினால் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அண்ணா வாட்டில் நிற்கும் வாரம் வேண்டாம். அம்மா தாங்கக்கூடிய எல்லை முடிந்திருக்கும். “ஒரு பிள்ளைக்கு வருத்தம், மற்றதுக்கும் இதா” என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவா, பிறகு அந்தக் கட்டை அவிழ்ப்பது கஷ்டம். அதற்கு முன்னால், வேறு யாரோ ஒருவரைப் பற்றிய செய்தியைச் சாதாரணமாகக் கதைத்து, அம்மாவின் முகத்தைப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு முன்பு, நம்பக்கூடிய ஒரு ஆளிடம் சொல்வது பலருக்கு உதவியிருக்கிறது. உளவளத்துணையாளரிடம் சொன்னால் அது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து இருந்தாலோ யாராவது உங்களைத் துன்புறுத்தினாலோ மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு நாங்கள் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்போம்.

அம்மாட்ட இல்ல, அண்ணாட்டத்தான் சொல்ல விருப்பம். அவர்தான் எனக்கு எல்லாம். ஆனா அவருக்கு வருத்தம்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வருத்தம் வந்தால் அண்ணா அண்ணாவாக இல்லாமல் போய்விடுவார் என்று ஊர் நினைக்கிறது. நீங்கள் அப்படி நினைக்கவில்லை.

அவர் தெளிவாக இருக்கும் காலத்தில் சொல்லலாம். குளிசை ஒழுங்காக ஓடுகிறது, நித்திரை வருகிறது, குரல்கள் அடங்கியிருக்கின்றன, பழைய மாதிரி உங்களைச் சீண்டுகிறார் என்றால் அவர் கேட்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறார். ஊர் தன்னை “விசரன்” என்று சொன்ன வலியை அறிந்தவர். வேறுபட்டவள் என்று சொல்லும் தங்கச்சியைச் சிலவேளை வீட்டில் முதலில் புரிந்துகொள்பவர் அவராகவே இருக்கலாம். அப்படி நடந்த வீடுகளை அறிவேன்.

வருத்தம் கூடியிருக்கும்போது மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் கேட்டது அவருடைய பயங்களோடு கலந்து, “என் தங்கச்சியையும் அவங்க மாத்திட்டாங்க” என்று ஆகிவிடலாம். முற்றத்தில் நின்று சத்தமாகச் சொல்லியும் விடலாம், அவர் வேண்டுமென்று செய்வதில்லை. இன்னொன்று: நல்லாக இருக்கும்போது சொன்னாலும், பிறகு வருத்தம் திரும்பினால் அது வெளியே வரக்கூடும். அந்தச் சாத்தியத்தைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றால், அவரோடு இருக்கும் நெருக்கம் சொல்லாமலும் இருக்கும்.

வீட்டில தெரிஞ்சிட்டுது. அண்ணா போற கிளினிக்குக்கே என்னையும் கொண்டுபோய் மருந்தெடுக்கப் போறாங்க.

போங்கள், பயப்பட வேண்டாம். தன்பால் ஈர்ப்பை மாற்ற மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, தேவையும் இல்லை. ஒழுங்காகப் படித்த வைத்தியர் அதைத்தான் உங்கள் வீட்டாரிடம் சொல்வார். உள்ளே போனதும் “நான் கொஞ்சம் தனியக் கதைக்கணும்” என்று கேளுங்கள். உங்களுக்கு நித்திரையில்லாமை, அழுகை, பயம் இருந்தால் அதற்கு உதவி கிடைக்கும். அது வேறு விஷயம்.

“மாற்றித் தருகிறேன்” என்று காசு வாங்குபவர்கள், பேயோட்டுபவர்கள், பூட்டிவைத்துப் புத்தி சொல்பவர்கள் இவர்களிடம் கொண்டுபோனால் அது துன்புறுத்தல். இந்தியாவில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 இல் இப்படிப்பட்ட “மாற்றும் சிகிச்சை”களுக்கு எதிராக உத்தரவிட்டது. இங்கே அப்படி ஒரு தீர்ப்பு இல்லை. ஆனாலும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அடிப்பதும் அடைப்பதும் இங்கேயும் 1929 க்குச் சொல்லக்கூடிய விஷயம்தான்.

பொலிஸ் பிடிக்குமா?

மனசில் ஈர்ப்பு இருப்பதற்கோ, அதைச் சொல்வதற்கோ இந்த நாட்டில் தண்டனை இல்லை. பிரித்தானியர் காலத்தில், 1883 இல் வந்த தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒரே பாலினத்தவரின் உடலுறவுச் செயலைக் குற்றமாக்குகின்றன. 1995 திருத்தத்தில் “ஆண்” என்றிருந்ததை “ஆள்” என்று மாற்றியதால் பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். இதை நீக்க 2023 இல் ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதில்லை என்று இலங்கை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது சட்டமாவதற்கு முன்பே நாடாளுமன்றம் கலைந்தது. பழைய சட்டம் வழக்கில் நிறுத்துவதைவிட, வெருட்டுவதற்கும் காசு பிடுங்குவதற்கும்தான் அதிகம் பயன்படுகிறது. அதனால்தான் அடுத்த பதில் முக்கியம்.

பேஸ்புக்ல ஒரு அக்கா பழக்கம். நானும் உன்னை மாதிரித்தான் எண்டு சொல்றா. படம் அனுப்பச் சொல்றா.

அனுப்பாதீர்கள். உண்மையில் அது அக்காவா, ஒரு ஆணா என்றுகூடத் தெரியாது. அக்காவாகவே இருந்தாலும், ஒரு பிள்ளையிடம் அப்படிப் படம் கேட்கும் பெரியவர் உங்கள் தோழி இல்லை. தனிமையில் இருப்பவர்களைத் தேடித்தான் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். அண்ணாவைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை அவர்களுக்கு லேசாக அகப்படுவாள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள், “அம்மாட்டக் காட்டுவன்” என்று வெருட்டுகிறார்கள் என்றால்: காசு கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காமல் படம்பிடித்து வையுங்கள், 1929 க்குச் சொல்லுங்கள். குற்றம் செய்தவர் அவர்தான். நம்பத்தகுந்த அமைப்பு வேண்டுமென்றால் தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்காகக் கொழும்பில் 2004 முதல் இயங்கும் ஈக்குவல் கிரவுண்ட் இருக்கிறது.

வீடு என்ட பேருக்குத்தான் வரும். கல்யாணம் கட்டி, அந்த வீட்டில அண்ணாவையும் வச்சிப் பாக்கணும் எண்டு அம்மா சொல்றா. நான் கட்ட மாட்டன் எண்டா அண்ணாட கதி என்ன?

மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு மட்டும்தான் இந்தக் கேள்வியின் பாரம் முழுதாகத் தெரியும். இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார், ஆண்பிள்ளை கட்டிய இடத்துக்குப் போகிறார். வருத்தத்தால் அண்ணா கட்டவில்லை என்றால், அவர் தங்கச்சியின் வீட்டில்தான் இருப்பார் என்பது பேசாமலே முடிவாகிவிடுகிறது. ஆகவே உங்கள் கல்யாணம் உங்களுடையதாக மட்டும் இல்லாமல் அண்ணாவின் கூரையாகவும் ஆகிவிட்டது. “கட்ட மாட்டன்” என்று சொன்னால் அண்ணாவைத் தெருவில் விடுவது போல அம்மாவுக்குக் கேட்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் கேட்கிறது.

இரண்டையும் தனித்தனியாகப் பேசலாம். அண்ணாவின் இருப்பிடத்துக்கு மாப்பிள்ளை தேவையில்லை. வீட்டை உங்களுக்கு எழுதும்போதே அண்ணாவுக்கு அதில் சீவிய உரித்து வைத்து உறுதிப் பத்திரம் முடிக்கலாம். உயிரோடு இருக்கும்வரை அவரை யாரும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது, நீங்கள் கட்டினாலும் கட்டாவிட்டாலும், வேறு ஊருக்கு வேலைக்குப் போனாலும். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அம்மாவைக் கூட்டிப்போய்க் கேட்கச் சொல்லுங்கள். அம்மாவின் உண்மையான பயம் “நான் இல்லாத காலத்தில் இவனுக்கு ஆர்?” என்பது. அதற்கு ஒரு விடை கிடைத்தால் கல்யாணப் பேச்சின் அவசரமும் குறைவதைக் கண்டிருக்கிறேன். பொதுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் பதிய முடியாது, அதற்குப் பிறகும் உங்கள் சம்மதம் வேண்டும்.

அண்ணா வேலை செய்ய மாட்டார் என்றும் முடிவு கட்டாதீர்கள். மருந்தோடு மேசன் வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கட்டிப் பிள்ளை பெற்றவர்கள் எங்கள் கிளினிக்கில் இருக்கிறார்கள். இப்போதைக்கு வேலை செய்ய முடியாத நிலை என்றால், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கக் கேளுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியையும் அண்ணாவின் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள், மாமாவும் கூட வரட்டும்.